காத்திருப்பும் ஒரு காவடியே

தைப்பூசத் திருநாளில் தோளேறி வரும் காவடிகளின் அழகில் உள்ளத்தைப் பறிகொடாதவர் இல்லை. மயிற்பீலியும் மலர்ச்சரமும் பாற்குடமும் எல்லார் கண்களுக்கும் புலப்படும். அக்காவடியைத் தோளில் ஏற்றுமுன் அந்த அன்பர் எத்தனை ஆண்டுகள் காத்திருந்தார் என்பது மட்டும் எவர் கண்ணுக்கும் புலப்படுவதில்லை. மகப்பேற்றுக்கு ஏங்கியவர், தீராப் பிணியால் வாடியவர், வேலையிழந்து மனம் நொந்தவர் எனப் பலரும் அவ்வூர்வலத்தில் நடக்கின்றனர். "முருகா, இன்னும் எத்தனை நாள்?" என்ற வினாவும் அவர்களோடு நடக்கிறது.

அவ்வினாவுக்குரிய விடை, காவடி பிறந்த வரலாற்றிலேயே பொதிந்து கிடக்கிறது.

இடும்பன் இறக்கிய சுமை

அகத்திய முனிவரின் ஆணையை ஏற்று, சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளையும் காவடியாகக் கட்டித் தென்திசை நோக்கிச் சுமந்து வந்தான் இடும்பன். திருஆவினன்குடியை அடைந்தபோது களைப்பு மேலிட, சுமையை இறக்கி வைத்தான். மீண்டும் தூக்க முயன்றான், குன்று அசையவில்லை. குருவின் கட்டளை தன்னால் பாழாயிற்றே என மனம் பதைத்தான். குன்றின்மேல் கோவணத்துடன் நின்ற சிறுவனே இதற்குக் காரணம் எனச் சினந்து போரிட்டு மாண்டான். அச்சிறுவன் முருகப்பெருமானே என்பது பின்னரே தெரிந்தது. உயிர் பெற்றெழுந்த இடும்பன் மலையின் காவலனானான். காவடி எடுப்போர்க்கெல்லாம் அருள்புரிய வேண்டுமென வரமும் பெற்றான்.

இடும்பன் தோல்வி எனக் கருதிய இடமே பழநி ஆயிற்று. தடை எனத் தோன்றியது, சேர வேண்டிய இடமாகவே இருந்தது. அவன் மட்டுமே அதை அப்போது அறிந்திலன்.

ஈராண்டு மௌனம்

சிங்கப்பூர் அன்பர்களுக்கும் இத்தகைய சோதனை ஒன்று வந்தது. பெருந்தொற்றின் காரணமாக, 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளும் சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலுக்குச் செல்லும் பாத ஊர்வலம் நடைபெறவில்லை, காவடிகளும் எழவில்லை. மூன்றாண்டு தொடர்ந்து எடுப்பதாக நேர்ந்துகொண்டோர், நேர்த்திக்கடன் பாதியில் நின்றதே எனக் கலங்கினர். எனினும் வீட்டுப் பூசையறையில் விளக்கேற்றி விரதம் காத்தவர்கள் உண்டு. 2023ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஊர்வலம் மீண்டபோது, அவர்களின் தோளில் ஏறியது மூன்றாண்டுக் காவடி அன்றோ!

மனத்தில் எழுந்த ஆலயம்

திருநின்றவூர்ப் பூசலாரின் வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்துரைக்கிறார். கோயில் கட்டப் பொருள் தேடி அலைந்தும் கிட்டாத அவர், மனத்திலேயே கல் அடுக்கிக் கோபுரம் எழுப்பினார். காஞ்சியில் கற்றளி எழுப்பிய காடவர்கோன் குடமுழுக்குக்குக் குறித்த அதே நாளே அவரது ஆலயத்திற்கும் அமைந்தது. இறைவன் மன்னனின் கனவில் தோன்றி, நாளை மாற்றிக்கொள்ளப் பணித்தான். பூசலார் காத்திருந்த காலத்திற்காக, அரசனும் காத்திருக்க நேர்ந்தது.

காத்திருத்தல் என்பது கைகட்டிச் சோம்பியிருப்பதன்று. மருந்தை விடுத்து மன்றாடுவதும் அன்று. பூசலார் நாள்தோறும் ஒரு கல்லையாவது மனத்தில் வைத்துக்கொண்டே இருந்தார். கேட்டது கேட்டபடியே கிட்டும் என்றும் இவ்வரலாறுகள் உறுதி கூறவில்லை. இடும்பன் சுமந்த குன்றுகள் பொதிகையைச் சென்றடையவே இல்லை. ஆயினும் அவன் உழைப்பு வீணாகவில்லை. இன்றும் பழநி மலையேறுவோர் இடைவழியில் அவனை வணங்கிய பின்னரே ஆண்டவன் சந்நிதியை அடைகின்றனர்.

இத்தைப்பூசத்தில் காவடி எடுக்க இயலாதவர்களும், எடுத்தும் வேண்டியது கிட்டாதவர்களும் மனந்தளர வேண்டுவதில்லை. அவர்கள் சுமப்பது கண்ணுக்குத் தெரியாத காவடி. அதனை இறக்கி வைக்கும் இடத்தை வேலவன் அறிவான்.