தெய்வமே பிணையாக நின்ற ஊர்

மேற்கு வங்கத்தின் பாங்குரா மாவட்டம் வங்கச் சமவெளிக்கும் சோட்டா நாக்பூர் மேட்டுநிலத்திற்கும் இடையில் கிடக்கிறது. மண் சிவப்பு, மழை வந்தால் வெள்ளம், நின்றால் வறட்சி. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு ஏறத்தாழ 36 இலட்சம் மக்கள். அவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கும் மேற்பட்டோர் கிராமவாசிகள். பெரிய தொழிற்சாலை நகரம் என்று சுட்டிக்காட்ட ஒன்றுமில்லை. ஆயினும் நம் நாட்டின் கைவினை வரைபடத்தில் இம்மாவட்டத்தை நீக்கிவிட்டால் பெரிய ஓட்டை விழும். களிமண், பட்டு, சங்கு, பித்தளை என நான்கு பொருள்களிலும் தனித்தனி மரபுகள் இங்கு இன்றும் உயிரோடிருக்கின்றன. அவற்றின் அழகைப் பேசுவோர் பலர். அவற்றின் வரவு செலவையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோயில்களிலிருந்து தொடங்குவோம். மாவட்டத்தின் பழைய தலைநகர் விஷ்ணுபூர். பல நூற்றாண்டுகள் இப்பகுதியை ஆண்ட மல்ல மன்னர்களின் ஊர் இது. அக்பர் காலத்தவரான வீர ஹம்பீர், ஸ்ரீநிவாச ஆசாரியரின் போதனையால் வைணவத்தைத் தழுவினார். அதற்குப் பின் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் இங்குக் கோயில்கள் எழுந்தவண்ணம் இருந்தன. கங்கைச் சமவெளியின் வண்டல் மண்ணில் சிற்பத்திற்கு ஏற்ற கருங்கல் அரிது. கிடைத்தவை செம்புரைக்கல்லும் களிமண்ணும். ஆகவே மன்னர்கள் செங்கல்லால் கோயில் கட்டி, அதன் முகப்பு முழுவதும் சுடுமண் பலகைகளைப் பதித்தனர். இராமாயண, பாரதப் போர்கள், கண்ணனின் இராசலீலை, வேட்டைக் காட்சி, படகு, துப்பாக்கி ஏந்திய வீரன் என்று எதையும் விட்டுவைக்கவில்லை.

1643இல் இரகுநாத சிங்கர் கட்டிய ஷ்யாம் ராய் கோயில் ஐந்து கோபுரங்களை உடையது. உட்சுவரிலும் கூரையின் உட்புறத்திலுங்கூடச் சுடுமண் சிற்பங்கள் உண்டு. 1655இல் எழுந்த ஜோர்பங்களா இரண்டு வைக்கோல் குடிசைகளை ஒட்டி வைத்தாற்போல் தோன்றும். அதன் வளைந்த இறவாரம் வங்கக் கிராமத்து மூங்கில் கூரையின் நகலே. மழைநீர் தேங்காமல் வழிந்தோட உழவன் கண்ட வழியைத் தெய்வத்தின் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டார்கள். 1694ஆம் ஆண்டின் மதன்மோகன் கோயிலை எங்கள் விருப்பத்தில் முதலாவதாக வைப்போம். இவற்றுக்கெல்லாம் மூத்தது 1600ஐ ஒட்டி எழுந்த ராஸ்மஞ்ச். செம்புரைக்கல் மேடையின் மீது படிப்படியாகக் குறுகும் கூரை. இராச விழாவின்போது ஊர்க்கோயில்களின் உற்சவ மூர்த்திகள் அனைத்தையும் இங்கே கொண்டுவந்து வைப்பார்கள். 1932 வரை அவ்வழக்கம் நீடித்தது.

வங்கித் தொழிலில் இருப்பவர்களுக்கு விஷ்ணுபூர் வரலாற்றில் மறக்கவொண்ணாத பகுதி ஒன்று உண்டு. 1740களில் மராத்தியப் படையெடுப்புகள், 1770இல் பெரும் பஞ்சம், அதன்மேல் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலவரி, போதாததற்குக் குடும்பத்திற்குள் வாரிசு வழக்கு. பணமுடையில் சிக்கிய மன்னர் சைதன்ய சிங்கர், கல்கத்தாவின் பாக்பஜாரைச் சேர்ந்த கோகுல் மித்ரா என்ற செல்வரிடம் மதன்மோகன் விக்கிரகத்தையே அடகு வைத்துக் கடன் வாங்கினார் என்பது இரண்டு ஊர்களிலும் வழங்கிவரும் வரலாறு. மீட்கச் சென்றபோது மூலவிக்கிரகத்திற்குப் பதிலாக நகல் ஒன்று கொடுக்கப்பட்டது என்றும் சொல்வார்கள். எது மூலம், எது நகல் என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் முன்வரமாட்டோம். ஆனால் 1806இல் நடந்ததில் ஐயமில்லை: வரி பாக்கிக்காக விஷ்ணுபூர் ஜமீன் ஏலத்திற்கு வந்தது, பர்த்வான் அரசர் வாங்கிக்கொண்டார். புரவலர் வீழ்ந்தபின் கைவினைஞருக்கு மிஞ்சியவை சந்தையும் வட்டிக்கடையுமே.

அந்தக் கைவினைகளுள் புகழ்பெற்றது பாஞ்ச்முரா கிராமத்தின் சுடுமண் குதிரை. நிமிர்ந்த நீண்ட கழுத்து, இலை போன்ற காதுகள், சற்றே செருக்குடைய முகம். இந்தியக் கைவினைகளின் அடையாளச் சின்னமாக அகில இந்தியக் கைவினை வாரியம் தேர்ந்துகொண்டது இதைத்தான். பிறந்த கதை எளியது. தர்ம தாகூருக்கும் மனசா தேவிக்கும் வேண்டிக்கொண்டவர்கள் மரத்தடியில் கொண்டுவந்து வைக்கும் நேர்த்திப் பொருள் இது. நம் ஊர் ஐயனார் கோயில் புரவிகளைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

செய்முறையை அறிந்தால்தான் விலை விளங்கும். நான்கு கால்கள், இரண்டு பகுதிகளாகக் கழுத்து, முகம் என ஏழு துண்டுகள் சக்கரத்தில் தனித்தனியே உள்ளீடற்றனவாக வனையப்படுகின்றன. பிறகு ஒன்றோடொன்று பொருத்தி, இணைப்புகளைக் களிமண் வைத்துப் பூசுகிறார்கள். காதும் வாலும் வேறாகச் செய்து பின்னர்ச் செருகப்படும். ஈரப் பொம்மையை நேரே வெயிலில் வைத்தால் விரியும். ஆகவே ஏறத்தாழ ஒரு வாரம் அடைத்த அறைக்குள் ஆறவிட்டு, உள்ளும் புறமும் ஒருசீராக உலரத் துளைகள் இட்டு, அதன் பின்னரே வெயிலுக்குக் கொண்டுவருவர். சூளையில் புகைவாயைத் திறந்துவைத்தால் குதிரை சிவப்பு. அடைத்துவிட்டால் அதே மண் கருப்பு. சாயம் எதுவும் இல்லை.

இதில் எத்தனை நாள் முதல் முடங்கிக் கிடக்கிறது என்று பாருங்கள். மண்ணும் விறகும் முன்பணத்திற்கு வாங்க வேண்டியவை. மழைக்காலத்தில் உலர்த்தும் வேலை ஏறக்குறைய நின்றுவிடும். விற்பனையோ துர்க்கா பூஜையிலிருந்து குளிர்காலச் சந்தைகள் முடியும்வரையில்தான் மும்முரம். வாங்கும் வணிகர் பாதித் தொகையைக் கடனாகச் சொல்வதும் உண்டு. கையில் பொருள் இருக்கும்போது பணம் இருப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் முன்பணம் தரும் இடைத்தரகர் நுழைகிறார். அவர் வட்டி என்று எதையும் கேட்பதில்லை. பொருளைத் தமக்கே, தாம் சொல்லும் விலைக்குத் தரவேண்டும் என்கிறார். வட்டி விலைக்குள் ஒளிந்துகொள்கிறது.

பட்டு நெசவிலும் கதை இதுவே. பாலுச்சரிச் சேலை விஷ்ணுபூரில் பிறந்ததன்று. முர்ஷிதாபாத் மாவட்டத்துப் பாலுச்சர் என்ற ஊரில் நவாபுகள் காலத்தில் செழித்து, பின் நலிந்து மறைந்த நெசவு அது. 1950களில் ஓவியர் சுபோ தாகூரின் தூண்டுதலால் விஷ்ணுபூர் நெசவாளர் அக்ஷய் குமார் தாஸ் அதை ஜக்கார்டு தறியில் மீட்டெடுத்தார். பழைய சேலைகளில் ஹூக்கா பிடிக்கும் நவாப் இருந்தார். விஷ்ணுபூருக்கு வந்தபின் முந்தானையில் கோயில் பலகைக் காட்சிகள் ஏறிக்கொண்டன. ஓர் அட்டைத் தொகுதியைத் துளையிட்டு ஆயத்தப்படுத்த வேண்டும். பட்டு நூலை வாங்கிச் சாயமேற்ற வேண்டும். பிறகு இரண்டு பேர் சேர்ந்து ஒரு சேலைக்கு ஏறத்தாழ ஒரு வாரம் நெய்ய வேண்டும். நூலும் வடிவமும் பிறருடையவையாக இருக்கையில் நெசவாளர் கூலியாளராகவே நிற்கிறார். தம் நூலைத் தாமே வாங்கும் வசதி இருந்தால் மட்டுமே சேலை அவருடையது.

சங்குத் தொழிலைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்குக் கூடுதலாக ஒரு சொல். மணமான வங்க இந்துப் பெண்கள் அணியும் வெண்சங்கு வளையல்களை விஷ்ணுபூரிலும் ஹாட்கிராமத்திலும் அறுத்துச் செதுக்குகிறார்கள். அதற்குரிய சங்கு வங்கக் கரையில் கிடைப்பதன்று; மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி, இராமேசுவரம் பக்கத்து முக்குளிப்போர் எடுக்கும் சங்கே காலங்காலமாக அங்குச் செல்கிறது. பாங்குராவின் கைவினைஞரும் நம் கரையோர மீனவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆயினும் ஒரே தொழிலின் இரு முனைகள் அவர்கள்.

பிக்னாவின் டோக்ரா உருவங்களும் குறிப்பிடத்தக்கவை. மெழுகு நூலால் உருவம் சமைத்து, மேலே களிமண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி அவ்விடத்தில் பித்தளை ஊற்றும் வார்ப்பு அது. துணி அடுக்குகளைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, வட்டமாக வெட்டி வண்ணந்தீட்டும் தசாவதாரச் சீட்டுகளும் விஷ்ணுபூருக்கு உரியவை. அவதாரத்திற்குப் பன்னிரண்டாக 120 சீட்டுகள். ஆடத் தெரிந்தவர் இன்று மிகச் சிலர். வாங்குவோர் சுவரில் மாட்டவே வாங்குகின்றனர்.

இனிக் கடன் கணக்கிற்கு வருவோம். ஒரு குயவர் 50,000 ரூபாயை மாதத்திற்கு நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டியில் வாங்கி, பன்னிரண்டு சம தவணைகளில் அடைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்த வட்டி ஏறத்தாழ 10,280 ரூபாய். அதே தொகை ஆண்டுக்கு 10 விழுக்காட்டில் கிடைத்தால் வட்டி 2,750 ரூபாய் அளவே ஆகும். வேறுபாடு ஏழாயிரத்து ஐந்நூறு. சூளைக்கு விறகு வாங்குபவருக்கு அது சிறு தொகையன்று.

ஆனால் வட்டி விகிதம் மட்டும் போதாது என்பது எங்கள் துணிபு. கடனின் வடிவமும் தொழிலுக்குப் பொருந்த வேண்டும். அடுத்த மாதமே தொடங்கும் தவணை, மழையில் சூளை அணைந்திருக்கும் வீட்டில் சுமையாகவே இறங்கும். இத்தகைய தொழிலுக்கு உகந்தது காலக்கடனன்று. ரொக்கக் கடன் வரம்பே. வரம்பு 50,000 என்றாலும், கார்த்திகை வரையிலான நான்கு மாதங்களுக்கு 40,000 மட்டும் எடுத்துப் பயன்படுத்தித் திருப்பிச் செலுத்தினால், 10 விழுக்காட்டில் வட்டி ஏறத்தாழ 1,330 ரூபாய்தான். எடுக்காத பணத்திற்கு வட்டியில்லை. அடுத்த பருவத்தில் மீண்டும் எடுக்கலாம். முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரையிலான சிசு, அதற்குமேல் 5 இலட்சம் வரையிலான கிஷோர் ஆகிய இரு பிரிவுகளிலும் நடைமுறை மூலதனத்திற்குக் கடன் பெறலாம், ஈடு கேட்கப்படுவதில்லை. கைத்தறி நெசவாளருக்கெனத் தனியே உள்ள நெசவாளர் முத்ராவில் வட்டி 6 விழுக்காட்டுச் சலுகையில் அமைகிறது. விண்ணப்பிக்கும்போது, எந்தெந்த மாதத்தில் செலவு, எந்தெந்த மாதத்தில் வரவு என்று ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்வது நல்லது. கிளை அலுவலருக்கு அந்த ஒரு தாள் பல படிவங்களைவிடப் பயனுடையது.

வாங்குவோர் தரப்பிலும் தெரிந்துகொள்ள வேண்டியது உண்டு. பாலுச்சரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. பாஞ்ச்முரா சுடுமண் கைவினைக்கும் வங்க டோக்ராவுக்கும் அது 2018இல் கிடைத்தது. எனினும் குறியீடு ஊருக்குக் கிடைத்தவுடன் ஒவ்வொரு கைவினைஞரும் அதைத் தானாகப் பயன்படுத்திவிட முடியாது. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அவர்கள்தாம் அப்பெயரைச் சட்டப்படி தம் பொருள்மீது பொறிக்கவும், போலியை எதிர்த்து நடவடிக்கை எடுக்கவும் உரிமையுடையோர். விசைத்தறியில் அச்சடித்தாற்போல் வரும் சேலைகள் பாலுச்சரி என்ற பெயரில் மலிவாகக் கிடைக்கின்றன. கைத்தறி முத்திரையும் பட்டு முத்திரையும் உள்ளனவா என்று பாருங்கள். சேலையின் பின்புறத்தையும் திருப்பிப் பாருங்கள். ஒரு வார உழைப்பும் பட்டு நூலும் அடங்கிய சேலை இரண்டாயிரம் ரூபாய்க்கு வருமா என்று கணக்குப் போட்டாலே பாதி ஐயம் தீரும்.

நேரில் செல்ல விரும்புவோர் ஹௌராவிலிருந்து இரயிலில் ஏறி அரை நாளுக்குள் விஷ்ணுபூரை அடையலாம். கோடை கடுமையானது, மார்கழி, தை மாதங்கள் சிறந்தவை. டிசம்பர் இறுதியில் நடைபெறும் விஷ்ணுபூர் மேளாவில் மாவட்டத்துக் கைவினைஞர் பெரும்பாலோரை ஒரே இடத்தில் காணலாம். பேரம் பேசாமல் வாங்கச் சொல்லவில்லை. பேசுங்கள், ஆனால் கடைக்காரரிடம் பேசுவதைவிடச் செய்தவரிடம் பேசுங்கள். பணத்தைக் கூடியவரை அவரது வங்கிக் கணக்கிற்கே அனுப்புங்கள். கணக்கில் தெரியும் அந்த வரவுகளே நாளை அவரது கடன் வரம்பை உயர்த்த உதவும் சான்று. குதிரை வாங்கினால் காதையும் வாலையும் கழற்றித் தனியே வைக்கோலில் பொதிந்து தரச் சொல்லுங்கள். வழியில் முதலில் உடைவன அவைதாம்.