முதல் ராங்கும் முதல் சிநேகிதமும்

பொன்முடி மலைக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் சுற்றுலா பஸ்களை நம்மவர்களில் பலரும் பார்த்திருப்பார்கள். நெடுமங்காடு, விதுரா, கல்லாறு தாண்டி, 22 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் பஸ் நிற்கும் வரை உள்ளே ஒரே பாட்டும் கூச்சலும்தான். ஆனால், பஸ் புறப்படும் முன்பே அதற்குள் ஒரு சின்ன யுத்தம் நடந்து முடிந்திருக்கும். யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதே அந்த யுத்தம். நேற்று வரை பக்கத்தில் உட்கார்ந்தவள் இன்று வேறொருத்தியோடு ஜன்னலோரம் போய்விட்டால், பொன்முடியின் மூடுபனியும் தேயிலைப் பச்சையும் அந்தக் குழந்தையின் கண்ணில் படுவதே இல்லை.

பெரியவர்களாகிய நாம் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறந்துவிடுகிறோம். கதாசிரியர்கள் மறக்கவில்லை. பள்ளிச் சிநேகிதத்தை வைத்து எழுதப்பட்ட நல்ல நாவல்களை எடுத்துப் பார்த்தால், பிள்ளை மனம் கள்ளமற்ற நிலையை இழக்கும் நாள் பெரும்பாலும் இந்தப் பொறாமையில்தான் தொடங்குகிறது. அந்தப் பொறாமை எங்கிருந்து வருகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

காரில் வந்த மாணவன்

ஆர்.கே. நாராயணின் முதல் நாவல் ‘சுவாமி அண்ட் பிரண்ட்ஸ்’. 1935ல் லண்டனில் வெளியாயிற்று. எழுதியது ஆங்கிலத்தில்தான் என்றாலும், அதிலுள்ள வீடும் பாட்டியும் வாத்தியாரும் நமக்குத் தெரிந்தவர்களே. 1930ல் பெங்களூரில், விஜயதசமி நாளில் எழுத உட்கார்ந்தபோது தம் மனத்தில் முதலில் தோன்றியது மால்குடி என்ற சின்ன ரயில் நிலையம்தான் என்று நாராயண் சொல்லியிருக்கிறார். ரயில்வேயில் வேலை பார்க்கும் என் போன்றவர்களுக்கு அதில் ஒரு தனிச் சந்தோஷம் உண்டு.

சுவாமிநாதன் படிக்கும் வகுப்பில் ராஜம் என்று ஒரு புதுப் பையன் வந்து சேர்கிறான். போலீஸ் டெபுடி சூப்பரிண்டெண்டின் மகன். காரில் வருகிறான், காலுறையும் பூட்ஸும் போடுகிறான், இங்கிலீஷில் வெளுத்து வாங்குகிறான். அதுவரை வகுப்பில் ராஜாவாக இருந்த முரடன் மணிக்கு அவனைக் கண்டாலே ஆகவில்லை. ஆற்றங்கரைத் தோப்பில் சண்டைக்கு நாள் குறித்து, கடைசியில் இருவரும் நண்பர்களாகிறார்கள். சுவாமியும் ராஜத்தோடு ஒட்டிக்கொள்கிறான்.

உடனே பழைய கூட்டாளிகளான சோமுவும் சங்கரும் மற்றவனும் சுவாமிக்கு ‘ராஜத்தின் வால்’ என்று பெயர் வைத்து ஒதுக்குகிறார்கள். பெரிய துரோகம் எதுவும் நடந்துவிடவில்லை. ஒரு பையன் இன்னொரு பையனோடு கொஞ்சம் அதிகம் பேசினான், அவ்வளவுதான். ஆனால் சுவாமிக்கோ பள்ளிக்கூடம் போகவே கால் வரவில்லை. நேற்றைய சிநேகிதர்கள் இன்று ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்பது அவனுக்கு விளங்குவதில்லை.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காரும் பூட்ஸும் ராஜம் சம்பாதித்தவை அல்ல. அப்பாவின் உத்தியோகம் வாங்கித் தந்தவை. பெரியவர்களின் படிவரிசை வகுப்பறைக்குள் நுழைந்த பிறகுதான் பிள்ளைகள் ஒருவரையொருவர் அளந்து பார்க்கிறார்கள்.

ஒன்றும் ஒன்றும்

நாம் வாழும் மலையாள நாட்டிலேயே இதற்கு ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது. வைக்கம் முகம்மது பஷீர் 1944ல் வெளியிட்ட ‘பால்யகாலசகி’ நாவலைத்தான் சொல்கிறேன். குளச்சல் மு. யூசுஃப் மொழிபெயர்ப்பில் தமிழிலும் கிடைக்கிறது.

மஜீதும் சுகறாவும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள். மாமரத்தடியில் சண்டையும் நகக்கீறலுமாகத் தொடங்குகிறது அவர்கள் உறவு. கணக்கில் மஜீத் படு மோசம்; சுகறாதான் கெட்டிக்காரி. ஒன்றும் ஒன்றும் எவ்வளவு என்று கேட்டால், இரண்டு ஆறு சேர்ந்தால் ஒரு பெரிய ஆறு ஆவதுபோலக் கொஞ்சம் பெரிய ஒன்று ஆகும் என்பது மஜீதின் கணக்கு. வாத்தியாருக்கு அது தப்பு. சிநேகிதத்துக்கு அதுதான் சரி. அவள் முந்தியிருக்கிறாளே என்று அவன் புழுங்கவில்லை. அவள் சிலேட்டைப் பார்த்து எழுதிக்கொள்கிறான், அவ்வளவுதான்.

அந்தக் கணக்கைக் கெடுத்தது மார்க் அல்ல, பணம். மஜீதின் தகப்பனார் வசதியானவர். மகனை டவுன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார். பாக்கு வியாபாரம் செய்து பிழைத்த சுகறாவின் தகப்பனார் இறந்துபோக, கெட்டிக்காரப் பெண் வீட்டோடு நின்றுவிடுகிறாள். அவளையும் படிக்க வையுங்கள் என்று மஜீத் கெஞ்சியும் தகப்பனார் மசியவில்லை. அதுவரை ஒன்றாக இருந்தவர்கள் அன்றைக்கு இரண்டாகிறார்கள். பின்னால் வரும் துயரத்துக்கெல்லாம் விதை அங்கேதான் விழுகிறது.

பொன்முடிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் நம்மவர் ஒருவர் என்னிடம் சொன்னதும் இதே கதைதான். அவர் மகளும் தோட்டத்து அதிகாரி ஒருவர் மகளும் ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. பிறகு அந்தப் பெண் நகரத்து இங்கிலீஷ் பள்ளிக்குப் போய்விட்டது. லீவுக்கு வந்தபோது இவர் மகள் ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கிறாள். அந்தப் பெண் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டதாம்.

“யாரும் அடிக்கல, வையல சார். ‘அவ இனிமே எங்கூடப் பேச மாட்டா’ன்னு சொல்லிட்டு ரெண்டு நாள் சரியாச் சாப்பிடல. நான் என்னத்தச் சொல்லித் தேத்த?” என்றார் அவர்.

கிளையை அசைத்த கால்

பொறாமை முற்றினால் எதுவரை போகும் என்பதை அமெரிக்க எழுத்தாளர் ஜான் நோல்ஸ் 1959ல் ‘எ செபரேட் பீஸ்’ என்ற நாவலில் எழுதினார். காலம் 1942, உலக யுத்தம் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு விடுதிப் பள்ளியில் ஜீன், ஃபின்னி என்று இரண்டு அத்யந்த நண்பர்கள். ஜீன் படிப்பில் சூரன், ஃபின்னி விளையாட்டில். நம் படிப்பைக் கெடுக்கத்தான் இவன் தினமும் விளையாட இழுக்கிறான் என்று ஜீன் மனத்துக்குள் சந்தேகம் வளர்க்கிறான். பிறகுதான் தெரிகிறது, ஃபின்னிக்கு அப்படி ஓர் எண்ணமே கிடையாது என்று. போட்டி இரண்டு பக்கமும் இருந்தால் மனத்துக்கு ஒரு சமாதானம் உண்டு. தான் ஒருவன் மட்டுமே பொறாமைப்பட்டிருக்கிறோம் என்று அறிவதுதான் தாங்க முடியாதது. ஆற்றில் குதிக்க இருவரும் மரத்தில் ஏறி நிற்கும்போது, ஜீன் முழங்காலை மடக்கிக் கிளையை அசைத்துவிடுகிறான். ஃபின்னி விழுந்து கால் நொறுங்குகிறது. அந்தக் காலே கடைசியில் அவன் உயிருக்கும் எமனாகிறது.

வேண்டுமென்று செய்தானா, தன்னையறியாமல் நடந்ததா? நாவலாசிரியர் தீர்ப்புச் சொல்லவில்லை. பல வருஷம் கழித்துப் பள்ளிக்குத் திரும்பி வரும் ஜீன் அந்த மரத்தைத் தேடிப் போய்ப் பார்க்கிறான்.

நம் வீட்டுப் பிள்ளைகள்

மூன்று கதைகளிலும் பிள்ளைகள் கெட்டவர்கள் அல்லர். அளவுகோல் மட்டும் வெளியிலிருந்து வந்தது. ஒன்றில் அப்பாவின் பதவி, இன்னொன்றில் பணம், மற்றொன்றில் மார்க். அந்த அளவுகோலைப் பிள்ளை கையில் கொடுப்பவர்கள் அநேகமாக நாமேதான். “பக்கத்து வீட்டுப் பையன் எத்தனை மார்க்?” என்று சாப்பாட்டு வேளையில் கேட்கிறோமே, அந்த ஒரு கேள்வி போதும். மறுநாள் அந்தப் பக்கத்து வீட்டுப் பையன் சிநேகிதனாக இருப்பதில்லை, எதிராளி ஆகிவிடுகிறான்.

வெளி மாநிலத்தில் பிழைக்கும் நமக்கு இதில் கவலை இன்னும் அதிகம். மாற்றல் உத்தரவு வந்தால் பிள்ளைக்குப் பள்ளி மாறும்; சில சமயம் பாடமொழியும் மாறும். ஊரில் சித்தப்பா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் என்று ஒரு பட்டாளம் இருக்கும். ஒருவன் பேசாவிட்டால் இன்னொருவன் பேசுவான். இங்கே பல பிள்ளைகளுக்கு ஒரே ஒரு சிநேகிதன்தான். அவன் போய்விட்டால் வகுப்பே காலி.

பிள்ளைக்குப் பொறாமையே வராமல் தடுக்க யாராலும் முடியாது. வந்ததைச் சொல்ல ஓர் இடம் கொடுக்கலாம். “அவன் என்னோடு பேசவில்லை” என்று குழந்தை அழுதால், “இதற்குப் போய் அழுவார்களா?” என்று அடக்க வேண்டாம். உட்கார்ந்து கேட்டாலே பாதிப் பாரம் இறங்கிவிடும். சுவாமி அந்த வேதனையை வீட்டில் யாரிடமும் வைத்துப் பேச முடியவில்லை. ஜீனுக்கோ கேட்க ஆளே இல்லை.

நாராயணின் நாவல் முடிவதும் ரயில் நிலையத்தில்தான். சுவாமியால் கிரிக்கெட் மாட்ச் தோற்றது என்று ராஜம் கோபமாக இருக்கிறான். அவன் தகப்பனாருக்கு மாற்றல். சுவாமி ஒரு கதைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு விடிகாலையில் ஓடுகிறான். வண்டி நகர்ந்த பிறகே புத்தகம் ராஜத்தின் கைக்குப் போகிறது. அவன் என்ன சொன்னான் என்பது வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை. அவன் கடிதம் எழுதுவானா என்ற தவிப்பு மட்டும் சுவாமிக்கு மிஞ்சுகிறது.

ஏப்ரல், மே மாதங்களில் நம் குவார்ட்டர்ஸ்களில் சாமான் கட்டும் வீடுகள் எத்தனையோ. பாத்திரம் பண்டங்களை எண்ணிக் கட்டும் அவசரத்தில், பிள்ளையை அவன் சிநேகிதன் வீட்டுக்கு ஒரு நடை அழைத்துப் போய் வாருங்கள். சண்டை இருந்தால் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். விலாசத்தையும் போன் நம்பரையும் ஒரு சீட்டில் எழுதி அந்தப் பையன் கையில் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.