உங்களுக்குத் தெரியுமா? நிழலும் கோலும் சமமாகும் இரு தினங்கள்

தில்லி மாநகரின் மேற்கே, வட அட்சம் ஏறத்தாழ 28.6 பாகையில் அமைந்த ஜனக்புரியில், மாடித் தளத்தில் செங்குத்தாக நிறுத்திய ஒரு கோலின் நிழல், உச்சிப்பொழுதில் அக்கோலின் உயரத்திற்குச் சமமாக விழும் காலம் வருஷத்தில் இருமுறையே வாய்க்கிறது.

நிழலும் கோலும் சமமாயின் சூரியனது ஏற்றக் கோணத்தின் டேன்ஜென்ட் 1. அடிவானத்திற்கு மேலே, 0 முதல் 90 பாகை என்ற எல்லைக்குள், அதற்கு 45 பாகை என்னும் ஒரே தீர்வுதான் உண்டு. அவ்வுயரத்தில் நிற்க, சூரியன் வான நடுவரைக்குத் தெற்கே சுமார் 16.4 பாகை விலகியிருத்தல் அவசியம்.

பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதையும் கணக்கிற் சேர்த்து, மார்ச் மாதத்துச் சமராத்திரி தினந்தொட்டுச் சூரியன் தன் வருஷ வீதியில் கடந்த கோணம் யாதென வினவினால், அதன் சைன் ஏறக்குறைய −0.71 என்று வருகிறது. எல்லை வகுக்காவிடில் இச்சமன்பாட்டிற்கு விடைகள் அனந்தம்; ஒரு வருஷச் சுற்றாகிய 0 முதல் 360 பாகைக்குள்ளோ 225, 315 என்னும் இரண்டே. முன்னது நவம்பர் 7-ஐயும், பின்னது பிப்ரவரி 4-ஐயும் ஒட்டி வரும் தினங்களாம்.