பள்ளிகளின் சாகச முகாம்: கையெழுத்திடும் முன் பெற்றோர் அறிய வேண்டியவை

புது தில்லி: விடுமுறை நெருங்கும்போது, 6 முதல் 9-ஆம் வகுப்பு வரை பயிலும் மாணவர்களின் பெற்றோருக்குப் பல பள்ளிகள் ஒப்புதல் படிவம் அனுப்புகின்றன. மலையேற்றம், பாறை ஏறுதல், படகுப் பயணம், கூடாரத்தில் தங்குதல் ஆகியவை அடங்கிய சாகச முகாமுக்குப் பிள்ளைகளை அனுப்பச் சம்மதம் கோரும் படிவம் அது. அதில் கையெழுத்திடும் முன் எவற்றையெல்லாம் கேட்டறிய வேண்டும் என்பது குறித்த தொகுப்பு:

முகாம்களின் பின்னணி

இந்தியாவில் பள்ளி மாணவர்களை மலைக்கு அழைத்துச் செல்லும் வழக்கத்துக்கு டேராடூனில் உள்ள டூன் பள்ளியின் ஆசிரியர்கள் தொடக்கத்திலேயே வித்திட்டனர். டார்ஜிலிங்கில் ஹிமாலயன் மலையேற்றப் பயிற்சி நிறுவனம் 1954-ஆம் ஆண்டிலும், உத்தரகாசியில் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் 1965-ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. சாரண, சாரணியர் இயக்கமும் மத்தியப் பிரதேசத்தின் பச்மடியில் தேசிய சாகசப் பயிற்சி நிறுவனத்தை நடத்தி வருகிறது.

தேசியக் கல்விக் கொள்கை 2020, 6 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான காலத்தில் 10 நாள்கள் புத்தகப் பை இல்லாமல் கற்க வகை செய்கிறது. வகுப்பறைக்கு வெளியிலான கல்விக்கு இது மேலும் ஊக்கமளித்துள்ளது.

முறையான பயிற்சியின் பலனுக்குத் தெலங்கானாவைச் சேர்ந்த மாலாவத் பூர்ணா சான்று. அரசின் சமூக நல உறைவிடப் பள்ளி மாணவியான அவர், 2014-ஆம் ஆண்டு மே 25-ஆம் தேதி, தமது 13-ஆவது வயதில் எவரெஸ்ட் சிகரத்தை அடைந்தார். அதற்கு முன் புவனகிரி பாறையிலும் டார்ஜிலிங்கிலும் அவர் பயிற்சி பெற்றிருந்தார்.

இரு விபத்துகள் தந்த பாடம்

குஜராத் மாநிலம் வதோதராவின் ஹர்னி ஏரியில் 2024-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் தேதி படகு கவிழ்ந்ததில், சுற்றுலா சென்ற 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் உயிரிழந்தனர். படகில் அளவுக்கு அதிகமானோர் ஏற்றப்பட்டதும், அனைவருக்கும் லைஃப் ஜாக்கெட் வழங்கப்படாததும் பின்னர் தெரியவந்தது.

ஹிமாசலப் பிரதேசத்தில் 2014-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் தேதி, லார்ஜி அணையிலிருந்து திறக்கப்பட்ட நீர் பியாஸ் ஆற்றில் பெருக்கெடுத்ததில், ஹைதராபாதைச் சேர்ந்த 24 பொறியியல் மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டனர். இந்த வழக்கில் இழப்பீட்டின் ஒரு பகுதியைக் கல்லூரி நிர்வாகமும் ஏற்க வேண்டும் என்று மாநில உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அழைத்துச் செல்லும் நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு என்பதை இத்தீர்ப்பு உணர்த்துகிறது. பெற்றோர் கையெழுத்திட்டுவிட்டதாலேயே நிர்வாகத்தின் பொறுப்பு நீங்கிவிடுவதில்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்

* பயிற்சியாளர்கள் எங்கு பயிற்சி பெற்றவர்கள்? முதலுதவி அறிந்தவர்களா? மாணவியருடன் ஆசிரியை செல்கிறாரா?

* பாறை ஏறும்போது ஒவ்வொரு மாணவரின் கயிற்றையும் கீழிருந்து பிடிப்பவர் யார்? தலைக்கவசமும் இடுப்புப் பட்டையும் சிறுவர்களின் அளவுக்குப் பொருந்துமா?

* நீச்சல் தெரிந்தவர் உள்பட அனைவருக்கும் லைஃப் ஜாக்கெட் உண்டா? ஆற்றின் மேற்பகுதியில் அணை இருந்தால், நீர் திறக்கும் நேரம் விசாரிக்கப்பட்டதா?

* 2,500 மீட்டருக்கு மேல் செல்லும் பயணமா? அந்த உயரத்தில் உடல் பழகுவதற்கு அவகாசம் தேவை. 3,000 மீட்டரைக் கடந்தபின், இரவில் தங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மருத்துவர்களின் அறிவுரை. தலைவலி, வாந்தி தொடர்ந்தால் மேலே செல்லாமல், கீழே இறக்குவதே முறை.

* அருகிலுள்ள மருத்துவமனை எவ்வளவு தொலைவில் உள்ளது? இரவிலும் வாகனம் தயாராக இருக்குமா?

பெற்றோரின் பொறுப்பு

ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை போன்றவற்றைப் பெற்றோர் மறைக்கக் கூடாது. முகாமில் இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று அஞ்சி மறைப்பது பிள்ளையின் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். பயப்படும் மாணவரைக் கேலி செய்தோ வற்புறுத்தியோ ஏற வைக்க மாட்டோம் என்ற உறுதியையும் பள்ளியிடம் பெற வேண்டும்.

வானிலை மோசமானால் பயணத்தைப் பாதியில் கைவிடும் அதிகாரம் யாருக்கு உள்ளது என்பதே இறுதிக் கேள்வி. இதற்குத் தெளிவான விடை கிடைத்த பிறகு படிவத்தில் கையெழுத்திடுவதே நல்லது.