மீன் தொட்டியில் பாசியை இயற்கை முறையில் கட்டுப்படுத்தல்

பள்ளிகளில் வைக்கப்படும் நன்னீர் மீன் தொட்டிகள் சில வாரங்களுக்குள் பச்சை நிறம் அடைந்துவிடுவதைப் பலரும் கண்டிருப்பர். கண்ணாடியில் பாசி படியும். செடிகளின் இலைகளில் நூல் போன்ற பாசி சுற்றிக்கொள்ளும். உடனே நீர் முழுவதையும் கொட்டிச் சரளைக் கற்களையும் கழுவி வைப்பர். காரணம் நீங்காமையால் பாசி மீண்டும் தோன்றும். அன்றியும், மீன்களின் கழிவிலுள்ள நச்சுத்தன்மை வாய்ந்த அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் அக்கற்களின்மீதே வாழ்கின்றன. கற்களைத் தேய்த்துக் கழுவினால் அவை பெருமளவு அழிந்துபோகும்.

மயில்துத்தம் இடுவது இதனினும் தீது. செம்பு நத்தைகளைக் கொல்லும். மீன்களுக்கும் கேடு செய்யும். மடிந்த பாசி ஒரே சமயத்தில் அழுகும்பொழுது நீரிலுள்ள பிராணவாயு குறைகின்றது. மாலையில் மருந்திட்ட தொட்டியில் காலையில் மீன்கள் செத்து மிதக்கக்கூடும்.

பாசிக்கு வேண்டியவை ஒளியும் உப்புக்களுமே. மிஞ்சிய தீனியிலிருந்தும் கழிவிலிருந்தும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நீரில் சேர்கின்றன. நீர்ச்செடிகளுக்கும் இவையே உணவு. ஆகவே, முதல் நாளிலேயே செடிகளை நெருக்கமாக நடுதல் வேண்டும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று இரண்டொரு செடிகளுடன் தொடங்குவதே தோல்விக்குப் பெரிதும் காரணமாகின்றது. நம் நாட்டுக் குளங்களில் கிடைக்கும் ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா, செரட்டோபில்லம் ஆகியவை இதற்குப் போதும். செரட்டோபில்லத்திற்கு வேர் கிடையாது. உப்புக்களை நீரிலிருந்தே நேராக உறிஞ்சிக்கொண்டு விரைந்து வளரும். அதனை அவ்வப்போது கத்தரித்து எடுத்தால், அது உண்ட உப்புக்களும் தொட்டியைவிட்டு நீங்கும்.

தொட்டியின்மீது வெயில் நேரே படலாகாது. மின்விளக்காயின் நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் போதுமானது. மீன்கள் சில நிமிடங்களில் தின்று தீர்க்கும் அளவே தீனி இடவேண்டும். வாரம் ஒருமுறை நீரில் நான்கில் ஒரு பங்கை மாற்றலாம். குழாய் நீராயின் குளோரின் நீங்கிய பின்னரே ஊற்றவேண்டும்.

பாசி தின்னும் என்று கடைகளில் விற்கப்படும் ‘சக்கர்’ மீனை வாங்காதிருத்தல் நலம். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இம்மீன் ஓரடிக்கு மேல் வளர்ந்து தொட்டிக்குள் அடங்காமற் போகும். வளர்த்தவர் அதனைக் குளத்தில் விட்டுவிடுவர். அவ்வாறு பரவிய இம்மீன்கள் கொல்கத்தாவின் கிழக்குச் சதுப்பு நிலங்களிலுள்ள மீன் பண்ணைகளில் பெருந்தொல்லையாகிவிட்டன. வளர்ப்பு மீன்களின் உணவில் அவை பங்கு கொள்கின்றன. அவற்றின் முட்கள் வலையில் சிக்குகின்றன. வட இந்திய ஆறுகளில் வாழும் ‘ரோசி பார்ப்’ என்னும் சிறு மீன் நூற்பாசியை ஓரளவு தின்னும். ஆயினும் மென்மையான இலைகளையும் அது கடித்துவிடும். கத்தரித்த செடிகளை வாய்க்காலில் எறியாமல் வெயிலில் உலர்த்தி எருக்குழியில் இடுக.