நக்ஷத்திரம் பெறாத வண்டிகள்

சின்ன மோட்டார் வாங்கப் போகும் குடும்பஸ்தர் விலையைக் கேட்கிறார்; பெட்ரோல் செலவைக் கேட்கிறார். மோதினால் பிராணன் தப்புமா என்று கேட்பவர் எத்தனை பேர்?

2014-இல் ‘குளோபல் என்காப்’ ஸ்தாபனத்தார், இந்தியாவில் விற்பனையான ஐந்து சிறு வண்டிகளை, உள்ளே பொம்மைகளை உட்கார்த்தி, மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பரீட்சித்தார்கள். ஆல்டோ, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ ஐந்துக்கும் பெரியவர் பாதுகாப்பில் கிடைத்த நக்ஷத்திரம் பூஜ்யம்! முதல் மூன்றின் கூடு உறுதியற்றது. காற்றுப்பை வைத்தும் பயனில்லை. போலோவின் கூடோ தாக்குப் பிடித்தது. இரண்டு காற்றுப்பைகளுடன் மோதியபோது நான்கு நக்ஷத்திரம் பெற்றது.

நம்மவரால் ஆகாத காரியமா? 2018-இல் டாட்டா நெக்ஸான் ஐந்து நக்ஷத்திரமும் வாங்கிற்று. 2023-இல் நம் தேசமே ‘பாரத் என்காப்’ பரீட்சையை ஏற்படுத்திற்று. ஆகவே, விலையை விசாரிக்குமுன் நக்ஷத்திரத்தை விசாரியுங்கள்!