கடைசி பெஞ்சுக்கும் ஒரு குரல்

நான் கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். வகுப்பு நிறைய மாணவர்கள் இருந்தாலும், கேள்வி கேட்டால் கை தூக்குவது எப்போதும் அதே நாலைந்து பேர்தான். மற்றவர்களுக்கும் பதில் தெரியும். எழுந்து நின்று சொல்லத்தான் கூச்சம். "தப்பாச் சொல்லிட்டா சிரிப்பாங்க மேடம்" என்பார்கள்.

இந்தக் கூச்சத்துக்கு வழி தேடியவர்களில் ஒருவர் மோனிகா ராங்கின். அமெரிக்காவில் டாலஸ் பகுதியில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர். 2009இல் சுமார் 90 பேர் படித்த தன் வகுப்புக்குள் ட்விட்டரைக் கொண்டுவந்தார். கலந்துரையாடலின்போது மாணவர்கள் லேப்டாப்பிலோ கைபேசியிலோ கருத்தை எழுதுவார்கள். ஒரு ஹேஷ்டேக்கின் கீழ் எல்லாமே திரையில் வரிசையாக வரும். வழக்கமாக வாய் திறக்காதவர்களும் எழுதினார்கள். எழுதியது அப்படியே இருந்ததால் பிறகு படிக்கவும் உதவியது.

அப்போது ஒரு ட்வீட்டுக்கு 140 எழுத்துதான். எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து என்பதால், பயனர் பெயருக்கு 20 ஒதுக்கிவிட்டு வைத்த அளவு அது. 2017இல் 280 ஆனது. தமிழில் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாகக் கணக்காகும். 'தமிழ்' என்ற சொல்லுக்கே ஐந்து போய்விடும். ஆக, நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய முப்பது சொற்கள்.

அந்த முப்பது சொற்களே நல்ல பயிற்சி. ரௌலட் சட்டத்தை மக்கள் ஏன் எதிர்த்தார்கள் என்று வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டு, அதே அளவுக்குள் பதில் எழுதச் சொன்னேன். 'ஆங்கிலேயர் கொடுமையான சட்டம் கொண்டுவந்ததால்' என்று எழுதினாள் ஒரு மாணவி. "என்ன கொடுமைம்மா? அதை எழுது" என்றேன். சற்று நேரத்தில் மாற்றி எழுதினாள்: 'விசாரணையே இல்லாமல் சிறையில் அடைக்கலாம் என்று 1919இல் சட்டம் போட்டதால்.' அடைமொழி போய் விஷயம் வந்துவிட்டது. வகுப்பில் அவள் குரலை அதுவரை நான் கேட்டதில்லை.

கருவியைக் கையில் கொடுத்துவிட்டால் மட்டும் இது நடந்துவிடாது. ரே ஜன்கோவும் சக ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில் 125 கல்லூரி மாணவர்கள் பங்கேற்றனர். பாடத்துக்காக ட்விட்டரைப் பயன்படுத்திய பிரிவினர் ஈடுபாட்டிலும் மதிப்பெண்ணிலும் முந்தினர். அங்கே ஆசிரியர்களும் கூடவே எழுதினார்கள், பதில் சொன்னார்கள். 2013இல் ஜன்கோ குழுவினர் வெளியிட்ட அடுத்த ஆய்வு இதை உறுதிப்படுத்தியது: ட்விட்டர் பாடத்தின் கட்டாயப் பகுதியாகவும், ஆசிரியர் அதில் பங்கெடுப்பவராகவும் இருந்தால்தான் பலன்.

பள்ளிப் பிள்ளைகளைப் பொதுத் தளத்தில் எழுதவைக்க வேண்டாம். இன்று எக்ஸ் என்று பெயர் மாறியிருக்கும் அந்தத் தளமே 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை அனுமதிப்பதில்லை. கல்லூரி மாணவர்களுக்கும் ஆசிரியர் கண்காணிப்பில் உள்ள மூடிய குழுவே பாதுகாப்பு. போன் இல்லாத பிள்ளை ஒதுங்கி நிற்கக் கூடாது. துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும், அதையும் சேர்த்தே வாசியுங்கள்.

ஆசிரிய நண்பர்களே, பாடம் முடிந்ததும் கேள்வி ஒன்றே ஒன்று கேளுங்கள். முப்பது சொல்லுக்குள் பதில் எழுதச் சொல்லுங்கள். வந்த அத்தனையையும் படித்து, மறுநாள் வகுப்பில் அவற்றைப் பற்றிப் பேசுங்கள். தான் எழுதியதை ஆசிரியர் படிக்கிறார் என்று தெரிந்துவிட்டால் மாணவர்கள் எழுதுவார்கள்.